செண்பகத்துக்காக ஓடும் ஏசி

எங்கள் வீட்டில் நான் அதிகம் சொன்ன வாக்கியம் எது என்று என் மகளைக் கேட்டால் யோசிக்காமல் சொல்வாள்: "ஏசி ஓடுது, கதவைச் சாத்து." அவள் பேசப் பழகியபோது அம்மா, அப்பாவுக்கு அடுத்து இதைத்தான் கற்றுக்கொண்டாள் என்று என் மனைவி வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள். கொஞ்சம் மிகைதான். ஆனால் முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது. ஏசி ஓடும்போது கதவு ஒரு விரற்கடை திறந்திருந்தாலும் என் சம்பளமே அந்த இடுக்கு வழியாக வெளியே போவதுபோல் எனக்குப் பதறும். படுக்கையறை ஜன்னலின் நாலு ஓரத்திலும் டேப் ஒட்டி வைத்தவன் நான். வீட்டில் என்னைக் கஞ்சன் என்று நேராகச் சொல்ல மாட்டார்கள். எது வாங்கினாலும் 'அப்பாவுக்குத் தெரியாமல்' என்று சொல்லிக்கொள்வார்கள்.

நான் இருப்பது துபாய்க்குக் கிழக்கே கடலோரம் இருக்கும் புஜைராவில், ஒரு பழைய அரபி வீட்டில். மாடி இல்லாத, சுற்றிலும் மதில் வைத்த வீட்டுக்கு இங்கே அப்படித்தான் பெயர். இரண்டு அறை, ஒரு ஹால், பின்பக்கம் சிமெண்ட் பூசாமல் விட்ட கொஞ்சம் மண். மதிலுக்கு அப்பால் புல் பூண்டு இல்லாத மலை. துறைமுகத்தை ஒட்டிய எண்ணெய்க் கிடங்கு ஒன்றில் ஷிஃப்ட் சூப்பர்வைசராக இருக்கிறேன். கப்பலிலிருந்து டாங்குக்கும் டாங்கிலிருந்து கப்பலுக்கும் எண்ணெய் போவதைக் கண்ட்ரோல் ரூம் திரையில் பார்த்துக்கொண்டிருப்பதுதான் டூட்டி. எந்தக் குழாயில் என்ன ஓடுகிறது, எந்த வால்வு மூடியிருக்கிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். இதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

செண்பகம் வந்தது, மகள் மேல்படிப்புக்குக் கனடா போன வருடம். அவளைத் துபாய் விமான நிலையத்தில் ஏற்றிவிட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தோம். மசாஃபியில் சாலையோரச் சந்தை வந்ததும் மனைவி வண்டியை நிறுத்தச் சொன்னாள். பழமும் கம்பளமும் பூச்செடியும் வரிசையாக வைத்து விற்கிற இடம் அது. டீ குடிக்கத்தான் இறங்குகிறாள் என்று நினைத்தேன். அவள் ஒரு குச்சியோடு திரும்பி வந்தாள். குச்சியின் உச்சியில் நாலைந்து இலை. செண்பகம் என்றாள்.

இந்த ஊர் உப்புத் தண்ணீருக்கும் சுண்ணாம்பு மண்ணுக்கும் செண்பகம் வருமா, பேசாமல் ஒரு மல்லிகையை வாங்கேன், எல்லார் வீட்டிலும் அதுதானே இருக்கிறது என்றேன்.

"அதனாலதான் வேண்டாம்," என்றாள்.

படுக்கையறை ஜன்னலுக்கு வெளியே குழி தோண்டி வைத்தாள். பூத்தால் வாசம் ஜன்னல் வழியாகக் கட்டில்வரை வர வேண்டுமாம். ஏசி ரூமில் ஜன்னலை எப்படித் திறப்பது என்று நான் நியாயமான ஒரு கேள்வி கேட்டேன். முதலில் பூக்கட்டும், அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு அந்தப் பின்பக்கம் அவளுடைய ராஜ்ஜியம். அரிசி களைந்த தண்ணீர், டீத்தூள் சக்கை, வெயில் படும் பக்கத்தில் பச்சை வலை என்று ஏதேதோ செய்தாள். நான் உடைந்த நாற்காலியைப் போடுவதற்கு மட்டும் அங்கே போவேன். குச்சி என் தோளுக்கு வந்தது, பிறகு தலைக்கு மேல் போயிற்று. பூக்க மட்டும் இல்லை. ஒவ்வொரு வருடமும் வெயில் தொடங்கும் முன் இந்த வருஷம் பூத்துவிடும் என்பாள். உன் மரத்துக்கு இன்னும் விசா ஸ்டாம்ப் ஆகவில்லை போலிருக்கிறது என்று நான் கிண்டல் செய்வேன். அவள் திரும்பியே பார்க்க மாட்டாள்.

மகள் அங்கேயே வேலை தேடிக்கொண்டாள், கூடப் படித்த பையனையே கல்யாணம் செய்துகொண்டாள், உண்டானாள். முன்பெல்லாம் பெண் பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வருவாள். இப்போது தாய்வீடு பெட்டி கட்டிக்கொண்டு பெண்ணிடம் போகிறது. என் மனைவியும் பூண்டு, பிரசவ லேகியம், பழைய வேட்டியில் கிழித்த துணி எல்லாவற்றையும் இரண்டு பெட்டியில் அடைத்துக்கொண்டு போன மே மாதம் கிளம்பினாள். நவம்பருக்குள் திரும்ப வேண்டும் என்பது கணக்கு. இங்கே குடியிருப்பு விசாவில் இருப்பவர்கள் ஆறு மாதத்துக்கு மேல் வெளியே தங்கினால் விசா செத்துவிடும். எங்களைப் போன்றவர்களுக்கு இது பஞ்சாங்கம் மாதிரி. கல்யாணமோ காரியமோ எதுவாக இருந்தாலும் அதற்குள் முடித்துக்கொண்டு ஓடி வந்துவிடுவோம்.

போவதற்கு முன் எனக்கு வகுப்பே எடுத்தாள். கேஸ் சிலிண்டர் மாற்றுகிறவன் நம்பர், வெள்ளிக்கிழமை விளக்கு, எந்த டப்பாவில் எந்தப் பொடி. மரத்துக்குக் காலையில் மட்டும் ஊற்றுங்கள், வெயில் ஏறினால் மொட்டைமாடி டாங்கில் தண்ணீர் கொதிக்கும், அதை ஊற்றினால் வேர் வெந்துவிடும் என்றாள். அது எனக்கும் தெரியும். கோடையில் கீஸரை அணைத்து வைத்து, அதில் ஆறிய தண்ணீரைக் குளிர்ந்த தண்ணீராகப் புழங்குகிற ஊர் இது. விமான நிலையத்தில் உள்ளே போகும்போது திரும்பி நின்று, "மரத்தைப் பாத்துக்குங்க," என்றாள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்வாள் என்று எதிர்பார்த்து நின்றவனுக்கு முகம் சுண்டிப்போயிற்று. சரி, நவம்பரில் வந்து பார், உன் மரத்தை ஒரு இலை குறையாமல் உன்னிடம் ஒப்படைக்கிறேன் என்று மனதுக்குள் வீம்பு கட்டிக்கொண்டேன்.

இந்த ஊரில் மனைவி கூட இல்லாத ஆண்பிள்ளைக்குப் பெயர் பேச்சிலர். ஊரில் நாலு பிள்ளை இருந்தாலும் சரி, பேரன் எடுத்திருந்தாலும் சரி, இங்கே ஃபேமிலி இல்லையென்றால் பேச்சிலர்தான். அத்தனை வருடம் அந்த வார்த்தையை நான் மற்றவர்களைப் பற்றிச் சொல்லத்தான் பயன்படுத்தியிருக்கிறேன். எங்கள் கிடங்கில் பம்ப் ஆபரேட்டராக இருக்கும் புதுக்கோட்டைக்காரர் ஒருவர், மனைவியை அனுப்பிவிட்டேன் என்று சொன்னதும், நீங்களும் பேச்சிலர் ஆயிட்டிங்களா சார் என்று சிரித்தார். எனக்குச் சுருக்கென்றது. ஆறு மாதம்தான் என்று அவசரமாகச் சொன்னேன்.

முதல் நாள் இரவு கட்டிலில் என் பக்கம் படுத்தேன். ஏசி போட்டேன். அவள் பக்கத்துத் தலையணை உப்பலாக இருந்தது. அதை எடுத்து அலமாரியில் வைத்தேன். வைத்த பிறகு அந்த இடம் இன்னும் பெரிதாகிவிட்டது. திரும்பவும் எடுத்துப் போட்டேன். கொஞ்ச நேரத்தில் எழுந்து ஹாலுக்கு வந்து சோபாவில் படுத்துக்கொண்டேன். சோபாவில் ஒரு ஆள்தான் படுக்க முடியும். அது எனக்குச் சௌகரியமாக இருந்தது. அன்றிலிருந்து அங்கேயே தூங்கினேன். படுக்கையறைக் கதவைச் சாத்திவிட்டேன். ஆள் இல்லாத ரூமுக்கு ஏசி எதற்கு, ஹாலில் ஒன்று ஓடினால் போதும், கரண்டும் மிச்சம் என்று எனக்கே ஒரு நல்ல காரணம் சொல்லிக்கொண்டேன். மனைவியிடம் இதைச் சொல்லவில்லை. போனில் பேசும்போது சோபாவில் உட்கார்ந்துதான் பேசுவேன். அதில் சந்தேகப்பட ஒன்றும் இல்லை.

தூக்கம் சரியில்லை என்று ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் புதுக்கோட்டைக்காரரிடம் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். கல்யாணம் ஆன மறுமாதமே விமானம் ஏறியவர் அவர். தொழிலாளர் கேம்பில் ஒரு ரூமில் ஆறு பேர், ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குக் கட்டில். எப்படித்தான் தூங்குகிறீர்கள் என்று கேட்டேன்.

"நீங்க கட்டில்ல படுக்குறிங்க சார், அதான். பங்க் பெட்டுல பாதி காலியா இருக்காதுல்ல," என்றார். சொல்லிவிட்டு மீன் முள்ளை எடுக்கத் தொடங்கினார்.

பேத்தி பிறந்தாள். எல்லாம் நல்லபடி என்றார்கள். ஆனால் அடுத்த சில வாரங்களில் மனைவியின் குரல் இறங்கத் தொடங்கியது. பேசும்போது நடுவில் எழுந்து சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு மெதுவாகச் சொன்னாள். மகள் சரியாகச் சாப்பிடுவதில்லை, பேசுவதில்லை, குழந்தையைத் தூக்கவே பயப்படுகிறாள், கீழே போட்டுவிடுவேன் என்று அழுகிறாள். பிரசவத்துக்குப் பிறகு சில பேருக்கு இப்படி வருமாம், டாக்டரிடம் போய்க்கொண்டிருக்கிறார்கள், மாப்பிள்ளை வேலைக்குப் போனால் வீட்டில் துணைக்கு என் மனைவி மட்டும்தான். எப்போதாவது மகள் திரையில் குறுக்கே போவாள். அப்பா என்று ஒரு தரம் கை ஆட்டுவாள். நல்லா இருக்கியாம்மா என்றால், "இருக்கேன்ப்பா," என்பாள். அவ்வளவுதான். ஒரு சத்தம் போட்டால் ஒன்பது பதில் சொல்லும் பெண் அவள்.

இதற்கு நடுவில் இங்கே செண்பகத்தின் இலை கருகத் தொடங்கியது. முதலில் நுனியில் ஒரு பழுப்புக் கோடு. பிறகு ஓரமெல்லாம் அப்பளத்தைத் தணலில் காட்டியதுபோல் சுருண்டது. நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, நடுவெல்லாம் மஞ்சள் பாய்ந்தது. நான் சொன்னது சொன்னபடி செய்துகொண்டிருந்தேன். நைட் டூட்டி முடிந்து வந்தாலும் சட்டையைக் கழற்றும் முன் குழாயைப் பிடிப்பேன். போதவில்லையோ என்று கூட ஊற்றினேன். கூட ஊற்ற ஊற்ற இன்னும் மோசமானது. மசாஃபி சந்தைக்கு ஒரு இலையைக் கொண்டுபோய்க் காட்டினேன். அங்கிருந்த நர்சரிக்காரர் இலையைப் பார்த்துவிட்டு வானத்தைக் காட்டினார். ஆகஸ்டு வெயிலுக்கு அவர் என்ன செய்வார்? ஒரு உர மூட்டையைத் தலையில் கட்டி அனுப்பினார். அதையும் போட்டேன். அடியிலிருந்து இலை உதிர்ந்துகொண்டே வந்தது. கடைசியில் உச்சியில் ஒரு கொத்து மட்டும் மிஞ்சியது.

எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. மரம் பட்டுப்போனால் என்ன, இன்னொன்று வாங்கி வைத்துக்கொள்ளலாம் என்று யாரும் சொல்லலாம். நானே சொல்லிப் பார்த்துக்கொண்டேன். ஆனால் அவள் என்னிடம் விட்டுப் போனது அந்த ஒன்றைத்தான். அது செத்துவிட்டால் நவம்பரில் அவள் வருவதற்கு ஒரு காரணம் குறைந்துவிடும் என்று எனக்குத் தோன்ற ஆரம்பித்தது. அங்கே அவளுக்கு மகள் இருக்கிறாள், பேத்தி இருக்கிறாள். இங்கே நான் இருக்கிறேன், மரம் இருக்கிறது. தனியாக என்னை வைத்துப் பார்த்தால் தட்டு எந்தப் பக்கம் தாழும் என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

மரத்தைக் காட்டச் சொல்லிக் கேட்டபோதெல்லாம் போனை உயர்த்தி உச்சிக் கொத்தை மட்டும் காட்டி வந்தேன். ஒரு நாள் சாயங்காலம் அவள் விடவில்லை. கீழே இறக்குங்கள், இன்னும் கீழே என்றாள். இறக்கினேன். மொட்டைத் தண்டைப் பார்த்தவுடன் பெருமூச்சு விட்டாள், ஆனால் திட்டவில்லை. எப்போது ஊற்றுகிறீர்கள், எவ்வளவு ஊற்றுகிறீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். எல்லாவற்றுக்கும் சரியான பதில் சொன்னேன். பரீட்சையில் எல்லாம் சரியாக எழுதியும் ஃபெயில் ஆன பையனைப் போல நின்றுகொண்டிருந்தேன்.

கடைசியில், பைப்பில் தண்ணீர் சொட்டுகிறதா பாருங்கள் என்றாள்.

"எந்தப் பைப்?"

"ஜன்னலுக்குக் கீழ, கத்தாழைத் தொட்டிக்குப் பின்னாடி. ரூம் ஏசித் தண்ணி வர்ற பைப்பு."

குனிந்து தொட்டியை நகர்த்தினேன். சுவரிலிருந்து வரும் ஏசியின் வடிகுழாயோடு, பழைய வாஷிங் மெஷின் பைப் ஒன்றைத் துணிக்கிழிசலால் இறுக்கிக் கட்டி, மண்ணோடு மண்ணாக ஓட்டி, மரத்தின் அடியில் கொண்டுவந்து விட்டிருந்தாள். உப்போ சுண்ணாம்போ இல்லாத தண்ணீர். புஜைராவின் புழுக்கத்தில் ஒரு ராத்திரி ஏசி ஓடினால் வாளி நிறையும். செண்பகம் இத்தனை வருடம் குடித்து வளர்ந்தது அதைத்தான். குழாய்த் தண்ணீர் சும்மா மேல் பூச்சு. ஊரில் இருக்கிற குழாய் எல்லாம் எனக்குத் தெரியும். என் படுக்கைக்கு நாலடி தள்ளி ஓடிய இது தெரியாது. அவளும் சொல்லவில்லை. அவள் எதற்குச் சொல்ல வேண்டும்? ரூமில்தான் நான் படுப்பேன், ராத்திரி முழுக்க ஏசி ஓடும், தண்ணீர் தானாக வரும். அதில் அவளுக்குச் சந்தேகமே இருந்திருக்காது.

பைப்பின் வாயில் சிலந்தி வலை கட்டியிருந்தது. நான் போனைத் திருப்புவதற்குள் அவள் பார்த்துவிட்டாள்.

"ரூம்ல ஏசி போடறதில்லையா?"

நான் அந்த வலையை விரலால் வழித்தேன்.

"எங்க படுக்கிறீங்க?"

"ஹால்ல."

"எப்ப இருந்து?"

"நீ போன அன்னையிலேருந்து."

அவள் முகம் திரையிலிருந்து போய்விட்டது. போனை மேசைமேல் வைத்துவிட்டாள் போலிருக்கிறது, அவர்கள் வீட்டுக் கூரை மட்டும் தெரிந்தது. நானும் கத்தாழைத் தொட்டிக்குப் பக்கத்தில் குந்தியபடியே அந்தக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முப்பது வருடத்துக்குப் பக்கமாகச் சேர்ந்து வாழ்ந்திருக்கிறோம். நீ இல்லாமல் எனக்கு முடியவில்லை என்று நான் ஒரு தரம்கூட வாயால் சொன்னதில்லை. அதை இந்த மரம் தன் இலையையெல்லாம் உதிர்த்துச் சொல்லிக் கொடுத்துவிட்டது. எனக்கு வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது.

அப்புறம் குரல் மட்டும் வந்தது.

"இன்னைக்கு ரூம்ல படுங்க. மரத்துக்காக."

படுத்தேன். முதல் சில நாள் தூங்கியதாகச் சொல்ல மாட்டேன். ஏசி இரைந்துகொண்டிருக்கும். கொஞ்ச நேரத்தில் வெளியே ஜன்னலுக்கு அடியில் சொட்டுச் சத்தம் கேட்கத் தொடங்கும். அதைக் கேட்டுக்கொண்டே கிடப்பேன். ஆள் இல்லாத பாதியைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் முதுகைக் காட்டிப் படுத்துக்கொள்வேன். டூட்டிக்குப் போகும்போதும் ஏசியை அணைக்காமல் போனேன். பகலெல்லாம் யாருமில்லாத ரூமில் ஏசி ஓடியது. இதை என் மகள் அப்போது அறிந்திருந்தால் நம்பியிருக்க மாட்டாள். செப்டம்பர் கடைசியில், மொட்டையாக நின்ற தண்டில் கணுவுக்குக் கணு பச்சையாக ஒரு முனை கிளம்பியது. நான் அதைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். பதிலுக்கு அவள் பேத்தியின் கால்விரலை அனுப்பினாள்.

நவம்பருக்கு வீட்டைத் தயார் செய்தேன். படுக்கை விரிப்புகளைத் துவைத்தேன். அவளுக்குப் பிடித்த ரஸ்க் பாக்கெட் வாங்கி வைத்தேன். மரம் நிறைய இலையோடு நின்றது. டிக்கெட் எந்தத் தேதிக்குப் போடட்டும் என்று கேட்க வேண்டியதுதான் பாக்கி. நானாகக் கேட்கவில்லை, அவளாகச் சொல்லட்டும் என்று இருந்தேன். அக்டோபர் நடுவில் ஒரு நாள் சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"என்னங்க, இப்ப நான் வர முடியாதுங்க. அவ இன்னும் குழந்தையைத் தனியா வெச்சுக்க மாட்டேங்கிறா. நான் கிளம்பினா அவ என்ன ஆவாளோன்னு பயமா இருக்கு."

வா என்ற சொல் எனக்கு நாக்கு நுனியில் துடித்தது. பத்து நாள் வந்து தலையைக் காட்டிவிட்டுத் திரும்பப் போ என்றாவது சொல்லலாம். அந்தப் பத்து நாளில் மகளுக்கு ஏதாவது ஆனால்? சரி, நீ இரு என்றேன். சாப்பிட்டீர்களா என்று கேட்டாள். ஆயிற்று என்றேன். ஆகவில்லை.

அவளுடைய விசா செத்த நாள் எந்த விசேஷமும் இல்லாமல் போயிற்று. நான் டூட்டியில் இருந்தேன், ஒரு கப்பல் வந்தது, ஒரு கப்பல் போயிற்று. பிறகு ஆபீஸில் விசாரித்தேன். புது விசா எடுக்கலாம் சார், ஆனா உங்களுக்கே அடுத்த வருஷம் ரிடையர்மென்ட், எதுக்கு வீண் வேலை என்றார்கள். நியாயமான பேச்சு. நானே முடித்துக்கொண்டு நேராகக் கனடாவுக்கோ ஊருக்கோ போகப் போகிறவன், நடுவில் அவளை எதற்கு இங்கே வரவழைப்பது? அப்போதுதான் எனக்கு உறைத்தது. மே மாதம் போய்விட்டு வருகிறேன் என்று போனவள் இந்த வீட்டை விட்டே போயிருக்கிறாள். அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் அவள் இன்னொரு தரம் பின்பக்கம் போய் நின்றிருப்பாள். குளியலறைக் கண்ணாடியில் ஒட்டிய பொட்டைக்கூட எடுக்காமல் போயிருந்தாள். அதை நானும் எடுக்கவில்லை.

குளிர் வந்தது. அந்த மாதங்களில் இங்கே யாரும் ஏசி போடுவதில்லை. டாங்குத் தண்ணீரும் சில்லென்று இருந்தது, வாரத்துக்கு இரண்டு தரம் ஊற்றினால் மரத்துக்குப் போதும், குறைந்தால் கேன் தண்ணீர் வாங்கி ஊற்றினேன். மரத்துக்காக ரூமில் படுக்க வேண்டும் என்ற சாக்கு தீர்ந்துவிட்டது. நான் ஹாலுக்குத் திரும்பிப் போகவில்லை. பழகிவிட்டதா என்றால் இல்லை. தனிமை பழகும் என்று சொல்கிறவர்கள் யாரென்று தெரியவில்லை. ரூமில் படுத்தேன், அவ்வளவுதான்.

ஏப்ரலில் ஏசி மறுபடி ஓடத் தொடங்கியதும் இலைக்காம்பின் இடுக்கில் ஒன்று விரல் நுனிபோல் உருண்டு நீண்டது. இலை மொட்டா, பூ மொட்டா என்று எனக்குத் தெரியவில்லை. அடுத்த கணுவிலும் ஒன்று வந்தது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் உதிர்ந்துவிடும் என்று ஒரு பயம். தினமும் டூட்டிக்குப் போகும் முன்னும் வந்த பின்னும் போய்ப் பார்த்தேன். ஒரு நாள் மாலை டூட்டி முடிந்து வண்டியை நிறுத்திவிட்டுக் கேட்டைத் திறந்தேன். வாசலிலேயே வந்துவிட்டது. செண்பகத்தின் வாசம் மல்லிகையைப்போல் தழுவாது, நேராக மூக்கில் வந்து நிற்கும். பின்பக்கம் போனேன். பழுத்த எலுமிச்சை நிறத்தில், மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு பூ விரிந்திருந்தன.

பறிக்க மனம் வரவில்லை. உள்ளே போய்ப் படுக்கையறை ஜன்னலின் டேப்பைப் பிய்த்தேன். வருடக்கணக்கில் ஒட்டியிருந்தது, நகம் வலித்தது. தாழ்ப்பாள் துரு ஏறியிருந்தது, தட்டித் தட்டித் திறந்தேன். ஏசியை அணைக்க வேண்டும் என்று கை போயிற்று. பிறகு விட்டுவிட்டேன். அணைத்தால் மரத்துக்குத் தண்ணீர் நின்றுவிடும், சாத்தினால் வாசம் நின்றுவிடும். எனக்கு இரண்டும் வேண்டியிருந்தது. ஏசியும் ஓடியது, ஜன்னலும் திறந்திருந்தது. குளிர் எல்லாம் மலைக்குப் போய்க்கொண்டிருந்தது.

அங்கே அப்போது காலை. போன் போட்டேன். ஒன்றும் சொல்லாமல் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி மேல் பூவுக்குப் பக்கத்தில் போனைக் கொண்டுபோனேன். அவளிடமிருந்து சத்தமே வரவில்லை. என்ன ஆயிற்று என்று போனைத் திருப்பிப் பார்த்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு போனை மூக்குக்குக் கிட்டே கொண்டுவந்திருந்தாள். திரை முழுக்க அவளுடைய மூக்குத்தி மட்டும் தெரிந்தது. நான் பார்ப்பது அவளுக்குத் தெரியாது. எவ்வளவு நேரம் அப்படி இருந்தாள் என்று சொல்ல முடியாது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்ததும் வெட்கப்பட்டுச் சிரித்தாள்.

"எப்படி மணக்குது?"

என்ன சொல்வது? நல்லா இருக்கு என்றேன். ஒரு வாசத்தை வார்த்தையில் சொல்லும் சாமர்த்தியம் எனக்கு எந்தக் காலத்தில் இருந்தது? என் பின்னால் ஏசி இரைந்துகொண்டும் திரைச்சீலை காற்றில் படபடத்துக்கொண்டும் இருந்தது. அப்போது அங்கே அவளுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"அப்பா, ஏசி ஓடுது. ஜன்னலைச் சாத்து."

மகள். இடுப்பில் குழந்தையை வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். யாரும் தாங்கிப் பிடிக்காமல், தானே, ஒரு கையால். என் குரலை அப்படியே எடுத்துச் சொல்லிவிட்டு, சொன்னதை நினைத்து அவளே சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு ஒரு வருடம் ஆகியிருந்தது. என் மனைவி திரும்பி அவளைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"சாத்தாதீங்க, இருக்கட்டும்," என்றாள்.

குழந்தை அழுதது, பால் கலக்க வேண்டும் என்று எழுந்து போனார்கள். போன் அணைந்தது. நான் சாப்பிட்டுவிட்டு வந்து கட்டிலில் என் பக்கம் படுத்தேன். ஜன்னலை ஒட்டிய பக்கம் அவளுடையது. வெளியே தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அன்று முதுகைக் காட்டாமல் ஜன்னலைப் பார்த்துப் படுத்திருந்தேன். அவள் தலையணையைத் தாண்டித்தான் வாசம் என்னிடம் வந்தது.